கிணற்றில் உப்பு வந்தால் யார் பொறுப்பு?

(பனிச்சங்கேணியில் நடந்த ஒன்றுகூடலில் எமது சங்கத்தின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



நேற்றுப் பின்னேரம் வாவிக்கரையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தபோது இந்த ஊர் அம்மா ஒருவர் எங்களிடம் ஒரு கேள்வி கேட்டார். "அவங்க மண்ணை அள்ளிக்கொண்டு போயிருவாங்க. மறுகா எங்கட கிணத்துல உப்பு வந்தா ஆரு பொறுப்பு?" எங்களில் யாரும் உடனே பதில் சொல்லவில்லை. தங்கியிருந்த மண்டபத்தில் இரவு வெகுநேரம் அதையே பேசினோம். இன்று நாங்கள் சொல்ல வந்தது அந்த அம்மாவுக்கான பதில்தான். முழுப் பதில் எங்களிடம் இல்லை. பாதியாவது சொல்லப் பார்க்கிறோம்.

வரும் வழியில் பஸ்ஸில் எங்கள் தோழர் ஒருவரும் ஒரு கேள்வி கேட்டார். "கொழுந்து பறிக்கிற நமக்கும் கடற்கரை மணலுக்கும் என்ன சம்பந்தம்?" நாள் சம்பளத்தைப் பற்றி மட்டுமே பேசிப் பழகிய சங்கம் நாங்கள். அந்தக் கேள்வி நியாயமானது. அதற்கும் பதில் சொல்ல வேண்டும்.

முதலில் மணலைப் பற்றிச் சொல்கிறோம், மலையிலுள்ள எங்கள் வாசகர்களுக்காக. வாகரைக் கரையோர மணலில் கறுப்பு நிறத்தில் பாரமான ஒரு மண் கலந்திருக்கிறது. அதுதான் இல்மனைட். இதைத் தோண்டும் முயற்சிகளுக்கு எதிராக வாகரைப் பிரதேச மக்கள் சில ஆண்டுகளாகப் போராடி வருகிறார்கள். வடக்கே புல்மோட்டையில் இதே கறுப்பு மண்ணை எடுப்பதற்கு 1957இலேயே அரசு ஒரு கூட்டுத்தாபனத்தைத் தொடங்கிவிட்டது. மன்னார்த் தீவிலும் இது இருக்கிறது. 2025 ஆகஸ்டில் மன்னார் நகரில் மக்கள் நாட்கணக்கில் வீதியில் இருந்தார்களே, அது புதிய காற்றாலைகளுக்கு எதிராக மட்டுமல்ல, இந்த மணல் அகழ்வுக்கும் எதிராகத்தான்.

இதை எடுக்க வருகிறவர்கள் இப்போது ஒரு புதுச் சொல்லோடு வருகிறார்கள்: பசுமைச் சக்தி. நிலக்கரியும் எண்ணெயும் போக வேண்டும், காற்றாலையும் சூரிய மின்கலமும் மின்சாரக் காரும் வர வேண்டும், அதற்குக் கனியங்கள் வேண்டும், நீங்கள் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டும் என்கிறார்கள். இதில் உண்மை எவ்வளவு என்று பார்த்துவிடுவோம். உலகத்தில் தோண்டும் இல்மனைட்டில் பெரும்பகுதி வெள்ளைப் பெயின்டுக்கான தூளாகத்தான் போகிறது. சுவருக்கும் பிளாஸ்டிக்குக்கும் வெள்ளை நிறம் கொடுக்கும் தூள் அது. பற்பசையில்கூட இருக்கும். அதே மணலில் சிறிதளவு மொனசைட் என்ற கனியமும் உண்டு. காற்றாலையிலும் மின்சாரக் காரிலும் உள்ள காந்தங்களுக்கு வேண்டிய அரிய மூலகங்கள் அதில்தான் இருக்கின்றன. ஆக, பசுமை என்று சொல்வது முழுப் பொய் இல்லை. ஆனால் ஒரு லொறி மணலில் எத்தனை கூடை காற்றாலைக்குப் போகிறது, எத்தனை கூடை பெயின்டுக்குப் போகிறது என்று கேட்க இந்த ஊருக்கு உரிமை உண்டு.

நாங்கள் காற்றாலைக்கோ சூரிய மின்சாரத்துக்கோ எதிரிகள் இல்லை. எதிரியாக இருக்கவும் முடியாது. காலநிலை கெடுவதன் விலையை முதலில் கொடுப்பவர்கள் எங்கள் ஆட்கள். 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போயின. அந்த இடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கை கொடுத்திருந்தார்கள். போவதற்கு வேறு நிலம்தான் இருக்கவில்லை. 2025 நவம்பரில் டித்வா புயல் வந்தபோது மலையகத்தில் எத்தனை இடங்களில் மண் இறங்கியது என்பதை இங்கே வந்திருக்கும் தோழர்களுக்கு நாங்கள் சொல்லத் தேவையில்லை. 2030க்குள் நாட்டின் மின்சாரத்தில் 70 சதவீதத்தை மீள்புதுப்பிக்கத்தக்க சக்தியிலிருந்து எடுப்பது என்று அரசாங்கம் வைத்த இலக்கை நாங்களும் விரும்புகிறோம். எங்கள் சண்டை எல்லாம் அதற்கான விலையை யார் தலையில் கட்டுகிறார்கள் என்பதைப் பற்றித்தான்.

இதற்கு உமா ஓயாவைச் சொல்ல வேண்டும். பதுளை, மொனராகலை மாவட்டங்களில் தோழர்கள் இதைக் கண்ணால் பார்த்தவர்கள். மலையைக் குடைந்து ஆற்று நீரைச் சுரங்கப்பாதையில் கொண்டுபோய், நிலத்துக்கு அடியில் கட்டிய நிலையத்தில் 120 மெகாவாட் மின்சாரம் எடுக்கும் திட்டம். புகை இல்லாத, சுத்தமான மின்சாரம். 2014 டிசம்பரில் சுரங்கம் தோண்டிக்கொண்டிருந்தபோது மலையின் வயிற்றில் இருந்த நீர் சுரங்கத்துக்குள் பீறிட்டது. பண்டாரவளைப் பக்கத்தில் கிணறுகள் வற்றின. ஊற்றுகள் நின்றன. வீட்டுச் சுவர்கள் வெடித்தன. 2017 ஜூனில் பண்டாரவளை நகரமே கடைகளை மூடி வீதிக்கு இறங்கியது. 2024 ஏப்ரலில் திட்டத்தைத் திறந்து வைத்தார்கள். மின்சாரம் நாடு முழுவதற்கும் போகிறது, நல்லது. ஆனால் எந்தக் கிணறு வற்றும், எந்த வீடு வெடிக்கும் என்று தோண்டுவதற்கு முன்னால் அந்த வீட்டுக்காரரிடம் யாரும் உட்கார்ந்து பேசவில்லை.

உங்கள் கிணற்றுக்கும் அதுதான் பயம். கொஞ்சம் பள்ளிக்கூடப் பாடம் மாதிரி இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள், எங்களில் சிலருக்கு வாத்தியார் வேலை. இந்த மணலுக்கு அடியில் இருக்கும் நல்ல தண்ணீர் மழைத் தண்ணீர். மாரியில் பெய்தது மணலில் இறங்கி, கடலிலிருந்து உள்ளே வரும் உப்புத் தண்ணீருக்கு மேலே மிதக்கிறது. தண்ணீருக்கு மேலே தேங்காய் எண்ணெய் மிதப்பதுபோல் என்று வைத்துக்கொள்ளுங்கள். நல்ல தண்ணீர் கொஞ்சம் இலேசு, உப்புத் தண்ணீர் கொஞ்சம் பாரம். இந்த வித்தியாசத்தால், நல்ல தண்ணீரின் மட்டம் ஓரடி இறங்கினால் அடியிலுள்ள உப்புத் தண்ணீர் ஏறத்தாழ 40 அடி மேலே ஏறும் என்பது நீரியல் கணக்கு. இங்கே நல்ல தண்ணீர்ப் படை அவ்வளவு ஆழமும் இல்லை. பூவல் தோண்டிக் குடிக்கிற ஊர் இது, கைக்கெட்டும் ஆழத்தில் தண்ணீர். மழையைப் பிடித்து வைப்பது அந்த மணல்தான். அதைக் கிண்டி, சலித்து, கறுப்பு மண்ணை எடுத்துவிட்டு மிச்சத்தைத் திருப்பிக் கொட்டினால் பள்ளம் மூடும். பழைய தண்ணீர்ப் படை திரும்ப வருமா என்பது வேறு கேள்வி. ஒரு கேணியைப் பெயரிலேயே வைத்திருக்கும் ஊருக்கு இதை நாங்கள் வந்து விளக்குவது கொஞ்சம் வேடிக்கைதான்.

இனிச் சட்டத்துக்கு வருவோம்.

1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்க சுரங்கங்கள், கனியங்கள் சட்டம் என்ன சொல்கிறது? மண்ணுக்கு அடியில் உள்ள கனியம் குடியரசுக்குச் சொந்தம். மேலே காணி யார் பெயரில் இருந்தாலும் சரி. ஆய்வுக்கும், தோண்டுவதற்கும், கொண்டுபோவதற்கும், ஏற்றுமதிக்கும் புவிச்சரிதவியல் அளவை சுரங்கப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் வேண்டும். தோண்ட விண்ணப்பிக்கிறவர் காணி உறுதியையோ, காணிச் சொந்தக்காரரின் சம்மதத்தையோ காட்ட வேண்டும். 10 ஹெக்டேருக்கு மேல் தோண்டுவதென்றால் தேசிய சுற்றாடல் சட்டத்தின்படி ஆய்வு அறிக்கை வேண்டும். சுற்றாடல் தாக்க மதிப்பீடு என்ற முழு அறிக்கை கேட்கப்பட்டால் அதை மூன்று மொழிகளிலும் அறிவித்து, பொதுமக்கள் கருத்துச் சொல்ல 30 நாள் கொடுக்க வேண்டும்.

வாசிக்கும்போது எல்லாம் ஒழுங்காகத்தான் இருக்கிறது. அரசைக் கேட்கிறார்கள், காணிச் சொந்தக்காரரைக் கேட்கிறார்கள். அந்தக் காணியில் குடியிருந்து, அந்தத் தண்ணீரைக் குடித்து, உறுதி இல்லாமல் வாழ்கிறவரை யார் கேட்பது?

இந்த இடத்தில்தான் தேயிலைக்கும் மணலுக்கும் சம்பந்தம் வருகிறது. எங்களில் சிலர் வாழும் தோட்டம் ஒன்றின் பக்கத்தில் சில ஆண்டுகளுக்கு முன் கல் உடைக்கத் தொடங்கினார்கள். வெடி வைத்தார்கள். ஆறு மாதத்தில் லயத்துக்கு மேலே இருந்த பீலி நின்றுபோனது. எங்கள் தாத்தா காலத்திலிருந்து ஓடிய பீலி. காம்பராச் சுவரில் கை நுழையும் அளவுக்கு வெடிப்பு. பிள்ளைகள் புத்தகப் பையோடு தண்ணீர்ப் போத்தலும் தூக்கிக்கொண்டு பள்ளிக்கு வந்தார்கள், தண்ணீர் எடுக்கப் போன நாளில் வரவே இல்லை. வரவுப் பதிவேட்டைப் பார்த்தாலே பீலி நின்ற மாதம் தெரியும். பிறகு விசாரணைக்கு ஓர் அதிகாரி கோப்போடு வந்தார். முதல் கேள்வி, "உறுதி இருக்கா?" ஒருவர் சம்பளச் சிட்டையைக் காட்டினார். ஒருவர் சேமலாப நிதி இலக்கத்தைச் சொன்னார். ஒரு பாட்டி மயானத்தைக் காட்டி, "எங்க வீட்டுக்காரரும் மாமனாரும் அங்கதான் இருக்காங்க" என்றார். அதிகாரி கெட்டவர் இல்லை. அவருடைய படிவத்தில் மயானத்துக்கு இடம் இல்லை. காணி அரசுக்குச் சொந்தம், குத்தகை கம்பனிக்கு. கடைசியில் தூசு படிந்து கெட்ட தேயிலைச் செடிகளுக்கு நட்டஈடு கணக்குப் பார்த்துக் கொடுத்தார்கள். செடிக்குப் பக்கத்தில் நின்று தூசியைச் சுவாசித்தவளுக்குக் கணக்கு இல்லை. லயத்துக்குக் கொஞ்ச நாள் பௌசரில் தண்ணீர் வந்தது, பிறகு அதுவும் நின்றது.

உங்களில் பலருக்கும் இதே கதைதானே. சிலரிடம் அனுமதிப்பத்திரக் காணி. சிலருடைய உறுதி 2004 சுனாமியோடு போனது. சிலருடையது 2006இல் வாகரையை விட்டு ஓடியபோது போனது. இந்தக் கரையின் வேடர் குடும்பங்கள் காலம் காலமாகக் காட்டையும் வாவியையும் நம்பி வாழ்ந்தவர்கள். அவர்களில் எத்தனை பேரிடம் கடதாசி இருக்கும்?

நம் நாட்டு நீதிமன்றம் இந்த விஷயத்தில் ஒரு நல்ல தீர்ப்பைத் தந்திருக்கிறது. அநுராதபுர மாவட்டத்து எப்பாவலையில் பொஸ்பேட் படிவு இருக்கிறது. 1990களில் அரசாங்கம் அதை அமெரிக்கக் கம்பனியோடு சேர்ந்து தோண்ட ஒப்பந்தம் தயாரித்தது. 12,000 பேர்வரை இடம்பெயர வேண்டியிருந்தது. அந்த ஊர் விவசாயிகளும் ஒரு விகாராதிபதியும் அடிப்படை உரிமை வழக்குத் தொடுத்தார்கள். 2000 ஜூன் 2 அன்று நீதியரசர் அமரசிங்க எழுதிய தீர்ப்பில் உயர் நீதிமன்றம் சொன்னது இதுதான்: நாட்டின் இயற்கை வளத்துக்கு அரசு ஒரு பொறுப்பாளர். மக்களுக்காகவும் இனி வரும் தலைமுறைக்காகவும் அதை வைத்திருக்கிறது. சுற்றாடல் சட்டத்தைச் சுற்றிக்கொண்டு போக முடியாது. ஒப்பந்தம் நின்றது. எப்பாவலை மக்கள் அந்த மண்ணில் இருந்தார்கள்.

அந்தத் தீர்ப்பை எங்கள் கூட்டங்களில் பலமுறை வாசித்திருக்கிறோம். ஒவ்வொரு முறையும் ஒரு விஷயம் உறுத்துகிறது. வழக்குப் போட்டவர்களுக்கு அங்கே வயலும் தென்னந்தோட்டமும் இருந்தன. அவர்கள் பிரசைகள். தொழிலையும் வசிப்பிடத்தையும் தெரிந்துகொள்ளும் உரிமை, அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரையில் இருப்பது, ஒவ்வொரு பிரசைக்கும் உரியது. அதே 2000ஆம் ஆண்டில் எங்கள் ஆட்களில் இலட்சத்துக்கு மேற்பட்டவர்கள் நாடற்றவர்கள். 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வந்த பிறகுதான் அவர்களுக்குப் பிரசாவுரிமை. எப்பாவலையில் கிடந்தது ஒரு தோட்டத்துக்கு அடியில் கிடந்திருந்தால், லயத்து ஆட்கள் அந்த உறுப்புரையைத் தூக்கிக்கொண்டு நீதிமன்றம் போயிருக்க முடியாது. இப்போது போகலாம். ஆனால் உரிமை மீறப்பட்ட ஒரு மாதத்துக்குள் போக வேண்டும். கொழும்பில் ஒரு கையெழுத்து விழுந்த செய்தி ஒரு லயத்துக்கோ வாடிக்கோ ஒரு மாதத்தில் வந்து சேருமா?

கடல் தாண்டியும் பார்த்தோம். இந்தியாவில் ஒடிசா மாநிலத்து நியம்கிரி மலையில் பொக்சைட் இருக்கிறது. அலுமினியம் அதிலிருந்துதான். மின்கம்பிக்கும் சூரியத் தகடுகளின் சட்டத்துக்கும் அது வேண்டும். மலையில் வாழும் டொங்கிரியா கோண்ட் மக்களிடம் உறுதி இல்லை. 2013 ஏப்ரலில் இந்திய உச்ச நீதிமன்றம், அந்த மக்களின் கிராம சபைகளே முடிவு சொல்லட்டும் என்றது. அதற்குத் துணை நின்றது 2006இல் வந்த வன உரிமைச் சட்டம். யாருடைய பெயரில் பட்டா இருக்கிறது என்று பார்ப்பதற்குப் பதிலாக, யார் அங்கே வாழ்ந்து அந்தக் காட்டைப் பயன்படுத்தி வந்திருக்கிறார்கள் என்று பார்க்கும் சட்டம் அது. 12 கிராம சபைகள் கூடின. 12ம் வேண்டாம் என்றன. தமிழ்நாட்டில் மதுரைக்குப் பக்கத்தில் அரிட்டாபட்டி. அங்கே டங்ஸ்டன் எடுக்க 2024 நவம்பரில் ஏலம் முடிந்தது. ஊர்கள் எழுந்தன, மாநிலச் சட்டசபை தீர்மானம் போட்டது, 2025 ஜனவரியில் மத்திய அரசு ஏலத்தை ரத்துச் செய்தது. டங்ஸ்டனும் நாட்டுக்கு அத்தியாவசியமான கனியம் என்றுதான் பட்டியலில் இருந்தது. எல்லா ஊரிலும் இப்படி வென்றார்கள் என்று சொல்ல வரவில்லை. தோற்ற ஊர்கள் ஏராளம்.

எங்கள் சங்கம் கேட்பது இதுதான். நிலத்துக்கு அடியில் கை வைப்பதற்கு முன், அந்த நிலத்தில் குடியிருக்கிறவரின் சம்மதத்தைக் கேட்க வேண்டும் என்று சட்டத்தில் எழுதுங்கள். உறுதி இருக்கிறதா என்று கேட்க வேண்டாம். வாக்காளர் இடாப்பில் பெயர் இருக்கிறதா, பிள்ளை எந்தப் பள்ளிக்குப் போகிறது, எந்தக் கிணற்றில் தண்ணீர் அள்ளுகிறீர்கள் என்று கேளுங்கள். துளையிட்டுப் பார்க்க வரும் நாளிலேயே ஊரைக் கூட்டிச் சொல்லுங்கள், தோண்டும் இயந்திரம் வந்த பிறகு இல்லை. நட்டஈடும் அதே கணக்கில்தான். இது வாகரைக்கும் வேண்டும், பண்டாரவளைக்கும் வேண்டும், நாளை எந்தத் தோட்டத்துக்கு அடியில் எது கிடைக்கிறதோ அங்கும் வேண்டும். சிலர் எங்களிடம் சொல்கிறார்கள்: முதலில் காணி உறுதிக்குப் போராடுங்கள், மற்றதெல்லாம் தானாக வரும் என்று. உறுதிக்கான போராட்டத்தை நாங்கள் விடவில்லை. 7 பேர்ச்சஸ் என்றாலும் எங்கள் பெயரில் வேண்டும். ஆனால் ஏழு பேர்ச்சஸுக்கு வெளியே, மலை உச்சியில் ஊறும் பீலிக்கு எந்த உறுதியில் இடம் இருக்கிறது?

சட்டம் மாறும்வரை சும்மா இருக்க முடியாது. அந்த அம்மா கேட்ட கேள்விக்கு இப்போதே செய்யக்கூடிய ஒன்று உண்டு. கல் உடைத்த இடத்தில் எங்களைத் தோற்கடித்தது ஒரு சின்னக் கேள்வி: "முன்பு பீலியில் எவ்வளவு தண்ணீர் வந்தது?" எல்லோருக்கும் தெரியும், யாரிடமும் எழுத்தில் இல்லை. அதற்குப் பிறகுதான் எங்கள் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளிடம் ஒரு கொப்பியைக் கொடுத்தோம். மாதம் இரண்டு தடவை, ஒரு வாளி நிறைய எத்தனை விநாடி என்று மணிக்கூட்டைப் பார்த்து எழுதுகிறார்கள். திகதி, நேரம், மழையா வெயிலா, அளந்த பிள்ளையின் பெயர். மாதக் கடைசியில் கிராம உத்தியோகத்தரின் கையெழுத்து. முதலில் அவர் சிரித்தார். இப்போது கொப்பி வரத் தாமதித்தால் அவரே கேட்கிறார்.

உங்களுக்குக் கிணறு. ஒரு கயிற்றில் அடிக்கு ஒரு முடிச்சுப் போடுங்கள், நுனியில் கல்லைக் கட்டுங்கள். கட்டிலிருந்து தண்ணீர் மட்டம் எத்தனை முடிச்சு என்று எழுதுங்கள். ஒரு வாய் குடித்துப் பார்த்து, நல்ல தண்ணியா, சவர்த் தண்ணியா என்றும் எழுதுங்கள். உப்பை அளக்கும் சின்னக் கருவி ஒன்றைக் கொண்டு வந்திருக்கிறோம், அது இந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் இருக்கட்டும். மாரியிலும் எழுதுங்கள், கோடையிலும் எழுதுங்கள், யாரும் தோண்ட வராத வருடத்திலும் எழுதுங்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி சுரங்கப் பணியகத்துக்கு ஒரு விண்ணப்பமும் தமிழில் தயாராக இருக்கிறது. கோறளைப்பற்று வடக்குப் பிரதேச செயலகப் பிரிவில் எந்த இடத்துக்கு, யாருக்கு, என்ன அனுமதிப்பத்திரம் கொடுத்திருக்கிறீர்கள் என்று கேட்டிருக்கிறோம். தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் அவர்கள் சொல்ல வேண்டும். இந்த ஊர்க்காரர் ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். எங்கள் முகவரியில் அனுப்பினால், தேயிலைக்காரனுக்கு மணலில் என்ன வேலை என்று அங்கேயும் கேட்பார்கள்.

பஸ் 2 மணிக்குப் புறப்படும். அதற்கு முன் பள்ளிக்கூடக் கிணற்றில் முதல் அளவை எடுத்துவிடலாம். கயிறும் கொப்பியும் எங்களிடம் இருக்கின்றன. நேற்றுக் கேள்வி கேட்ட அம்மாதான் முதல் வரியை எழுத வேண்டும் என்பது எங்கள் ஆசை. எழுத வராது என்று வெட்கப்படுகிறார். அவர் சொல்லட்டும், பேத்தி எழுதட்டும்.